சேர்வராயன் அடிவாரக் கள்ளிகளை ஸ்கேன் செய்து, மனம் அமைதியாகும் வி.ஆர். நடை உருவாக்குவது எப்படி?

முழங்கால் தேய்ந்து வீட்டோடு இருக்கும் என் அத்தைக்காகத்தான் முதல் வி.ஆர். நடையை, அதாவது ஹெட்செட் மாட்டிக்கொண்டு பார்க்கும் மெய்நிகர் நடையை, செய்தேன். சேலம் கன்னங்குறிச்சியில் இருந்தவரை, விடியற்காலையில் மலை அடிவாரம் வரை போய்த் திரும்புவது அவருடைய வழக்கம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் காலை அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்றாவது முயற்சியில்தான் கைகூடியது.

அதன் பிறகு ஏழெட்டுப் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். கேமராவோடு கிளம்பி, கண்ணில் பட்ட செடியையெல்லாம் ஸ்கேன் செய்து குவித்துவிட்டு, அப்புறம்தான் பாதையைப் பற்றி யோசிக்கிறார்கள். அது தலைகீழ் வரிசை. பாதை முதலில், செடி பிறகு. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. கையில் இருக்க வேண்டியவை

ஸ்கேன் என்று இங்கே சொல்வது, ஒரு செடியைச் சுற்றிச்சுற்றி நூறு படம் எடுத்து, அவற்றிலிருந்து மென்பொருளைக் கொண்டு முப்பரிமாண மாடல் செய்வதைத்தான். சாதாரண கேமராவோ நல்ல போனோ போதும். சில ஐபோன்களில் உள்ள லைடார் (ஒளியால் தூரம் அளக்கும் கருவி) இதற்கு வேண்டாம். அது அறையை அளக்க நன்றாக இருக்கும்; கள்ளியின் விளிம்பைப் பிடிக்கும் அளவுக்கு நுணுக்கம் அதில் கிடையாது.

என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி ஒன்று வேண்டும். ரேம் 16 ஜி.பி. இருந்தால் ஓடும், 32 இருந்தால் நிம்மதி. படங்களை மாடலாக்க மெஷ்ரூம், சுத்தம் செய்ய பிளெண்டர், நடையைக் கட்ட கோடோ, மூன்றும் இலவசம். பார்ப்பதற்கு, தனித்து இயங்கும் வி.ஆர். ஹெட்செட் ஒன்று.

பையில் போட வேண்டியவை: 30 செ.மீ. அடிக்கோல், சாம்பல் நிற அட்டை, பழைய செய்தித்தாள், நாலு முழ வெள்ளை வேட்டி, கைத்தடி, மூக்குக்கண்ணாடி அல்லது பாதுகாப்புக் கண்ணாடி. ஒவ்வொன்றும் எதற்கு என்று கீழே வரும். மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கல் இடுக்கில் சுருட்டைவிரியன் இருக்கும் நிலம் இது. கால் வைக்கும் முன் தடியால் தட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட வேண்டும்.

2. முதலில் வெறுங்கையோடு நடந்து பாருங்கள்

கேமரா இல்லாமல் ஒரு காலை போய்விட்டு வாருங்கள். நடக்கும்போது உங்கள் கால் தானாக எங்கே நின்றது, எங்கே திரும்பிப் பார்த்தீர்கள், எங்கே வேகமாகக் கடந்தீர்கள் என்று மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் உங்கள் வரைபடம்.

நீளமான பாதை தேவையில்லை. 80 மீட்டர் போதும். வி.ஆர்.-இல் நொடிக்கு 0.8 மீட்டர் என்பது மெதுவான, இதமான நடை. அந்த வேகத்தில் 80 மீட்டருக்கு 100 நொடி. நடுவில் ஐந்து இடங்களில் ஒவ்வொரு நிமிடம் நின்றால் ஏறக்குறைய ஏழு நிமிடம். முதன்முறை ஹெட்செட் போடும் பெரியவர்களுக்கு அதற்கு மேல் ஆகாது.

இடத்தைப் பற்றி இரண்டு விஷயம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. வேலி ஓரம், வரப்பு, தரிசு நிலம் ஆகியவற்றிலேயே நமக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். யாருடைய நிலமாக இருந்தாலும் முதலில் கேட்டுவிடுங்கள். “அண்ணா, செடியெதையும் பறிக்க மாட்டோமுங்க, படம் மட்டும் எடுத்துக்கறோமுங்க” என்றால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

இன்னொன்று, அடிவாரத்தோடு நின்றுவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறச் செடிகள் மாறிவிடும். ஏற்காட்டில் காப்பித் தோட்டமும் சில்வர் ஓக்கும்தான். இரண்டையும் ஒரே நடையில் கலந்தால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் மனம் ஒட்டாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்று சகுவாரோ கள்ளி மாடலைக் கொண்டுவந்து நடுபவர்களும் உண்டு. அது அரிசோனாவும் மெக்சிகோவும் சேரும் சொனோரா பாலைவனத்துச் செடி. அதை நட்ட அந்தக் கணமே சேலம் காணாமல் போய்விடும்.

3. எட்டே எட்டு மாடல் போதும்

பாலை நிலத்துச் செடிகளை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. தண்டு தடிமனாக, விறைப்பாக இருக்கும். லேசான காற்றுக்கு அசையாது. ஸ்கேன் செய்ய அசையாத பொருள்தான் வேண்டும். வேம்பையோ புல்லையோ இப்படிப் பிடிக்கப் போனால் கிடைப்பது பச்சைப் பஞ்சுதான்.

முதல் நடைக்கு என் பட்டியல்: சதுரக்கள்ளி இரண்டு, சப்பாத்திக்கள்ளி இரண்டு, ஆனைக்கற்றாழை ஒன்று, சோற்றுக்கற்றாழை ஒன்று, பாறை இரண்டு. திருகுக்கள்ளியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதன் தண்டுகள் பென்சில் கனம்தான். ஒன்றை ஒன்று மறைக்கும். அனுபவம் வந்த பிறகு பார்க்கலாம்.

பழகும் வரிசையும் முக்கியம். முதலில் பாறை, அடுத்து சோற்றுக்கற்றாழை, பிறகு சதுரக்கள்ளி, கடைசியில் சப்பாத்தி. சேர்வராயன் பக்கத்துச் சார்னோகைட் பாறை கருஞ்சாம்பலாக, சொரசொரப்பாக, பளபளப்பில்லாமல் இருப்பதால் தவறாமல் வரும். பாறையே சரியாக வரவில்லை என்றால் தவறு உங்கள் படம் எடுக்கும் முறையில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். கள்ளியில் தொடங்கினால், தவறு செடியிலா கையிலா என்றே தெரியாது.

4. வெளிச்சமும் காற்றும்

வெயிலில் எடுக்காதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

வெயிலில் எடுத்த படத்தில் செடியின் மேல் விழுந்த நிழலும் நிறத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அதே கள்ளியை இடமாகத் திருப்பி ஒன்று, வலமாகத் திருப்பி ஒன்று என்று நடும்போது, ஒன்றின் நிழல் கிழக்கே இருக்கும், இன்னொன்றின் நிழல் மேற்கே. பார்ப்பவர் இதைக் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார். ஆனால் அந்த இடத்தில் நிலைகொள்ள மாட்டார். என் முதல் முயற்சி வீணானது இதனால்தான். அத்தை இரண்டு நிமிடத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

மேகம் மூடிய காலைதான் சரியான நேரம். புரட்டாசி, ஐப்பசியில் மழை விட்ட காலைகள் கிடைக்கும். ஆடியிலும் மேகம் உண்டு, ஆனால் ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தெரிந்ததுதானே. மார்கழியில் காற்று அடங்கியிருக்கும். ஆனால் பனித்துளி படிந்து கற்றாழை மின்னும். மினுமினுப்பு ஒவ்வொரு கோணத்திலும் ஒவ்வொரு இடத்தில் தெரிவதால் மென்பொருள் குழம்பிவிடும். துளி உலரும்வரை காத்திருங்கள்.

மேகமே இல்லாவிட்டால், சிறிய செடிக்கு வேட்டி கைகொடுக்கும். இரண்டு பேர் நான்கு முனையையும் பிடித்துச் செடிக்கு மேலே விரித்தால் நிழல் சீராக விழும். செடி மட்டுமல்ல, அதைச் சுற்றி ஓரடித் தரையும் நிழலுக்குள் வர வேண்டும்.

5. படம் எடுக்கும் முறை

அதிகப் பொறுமை வேண்டிய படி இதுதான்.

செடியைத் தொடும் முன் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். சதுரக்கள்ளியின் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பார்வைக்கே ஆபத்து. சப்பாத்தியில் பெரிய முள்ளைவிட, அதன் அடியில் கொத்தாக இருக்கும் மயிர் போன்ற பூமுள்தான் தொல்லை. தோலில் ஏறினால் எளிதில் எடுக்க வராது.

செடியின் அடியில் செய்தித்தாளை விரித்து, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். அடர்த்தியான எழுத்துகள் இருப்பதால், எந்தப் படம் எங்கிருந்து எடுத்தது என்று மென்பொருள் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம், தரை வெளிறிப்போய் ஒரே மாதிரி இருக்கும் இடங்களில் இது மிக அவசியம். எடுத்து முடிக்கும்வரை தாள் நகரக்கூடாது. பக்கத்திலேயே அடிக்கோலையும் வையுங்கள்; பின்னால் சரியான அளவுக்குக் கொண்டுவர அதுதான் ஆதாரம்.

கேமராவில் எல்லாத் தானியங்கியையும் அணையுங்கள். துளை எஃப் 8 முதல் எஃப் 11 வரை, ஐ.எஸ்.ஓ. 100 முதல் 400 வரை, ஷட்டர் 1/200 நொடியை ஒட்டி. வெளிச்சம் போதாவிட்டால் ஸ்டாண்டில் வைத்து ஷட்டரைக் குறையுங்கள். சாம்பல் அட்டையை ஒரு படம் எடுத்து, வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸை) அதற்கேற்பப் பூட்டிவிடுங்கள். போனில் ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, எச்.டி.ஆர்., போர்ட்ரெய்ட் இரண்டையும் அணையுங்கள். வெளிச்சத்தைத் தானியங்கியில் விட்டால், வெளிறிய தரையைப் பார்த்ததும் கேமரா படத்தை இருட்டாக்கும், மறுபக்கம் போனதும் வெளுப்பாக்கும். கடைசியில் ஒரே செடியில் இரண்டு பச்சை.

இப்போது செடியைச் சுற்றி நடங்கள். 10 பாகைக்கு ஒரு படம் என்றால் ஒரு சுற்றுக்கு 36. முதல் சுற்று முழங்கால் உயரத்தில், இரண்டாவது இடுப்பு உயரத்தில், மூன்றாவது தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி. ஆக 108. இவற்றோடு கிளை பிரியும் இடங்களில் நெருங்கி ஒரு இருபது. அடுத்தடுத்த இரண்டு படங்களில் முக்கால் பங்காவது ஒரே பகுதி தெரிய வேண்டும். ஒரு புள்ளி குறைந்தது மூன்று படங்களில் தெரிந்தால்தான் அதன் இடம் உறுதியாகும்.

புதியவர்கள் செய்யும் தவறுகளில் நான் திரும்பத்திரும்பப் பார்ப்பவை நான்கு. ஒரே இடத்தில் நின்றுகொண்டு கேமராவை மட்டும் திருப்புவது முதலாவது. நீங்கள் இடம் மாறினால்தான் ஆழம் கிடைக்கும். நடுவில் ஜூம் செய்வது அடுத்தது. தொட்டிச்செடியைத் தட்டில் வைத்துச் சுழற்றி மொட்டைமாடியில் எடுப்பவர்கள், பின்னால் இருக்கும் சுவரை மறந்துவிடுகிறார்கள். செடி சுழல்கிறது, சுவர் சுழலவில்லை. மென்பொருள் சுவரை நம்பிவிடும். பின்னால் வெறும் கறுப்புத் துணியைக் கட்டுங்கள். நான்காவது, படங்களை வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்புவது. அது சுருக்கிவிடும். கேபிளில் மாற்றுங்கள்.

சப்பாத்திப் புதர் முழுவதையும் ஒரே மாடலாக எடுக்க முயல வேண்டாம், உள்ளே கேமரா போகாது. ஓரத்தில் தனித்து நிற்கும் ஐந்தாறு மடல்களை எடுங்கள். அதையே மூன்று கோணத்தில் சேர்த்து வைத்தால் புதர் ஆகிவிடும்.

6. ஆவாரைக்கு வேறு வழி

ஆவாரம்பூ இல்லாத அடிவாரம் அடிவாரமாகவே இருக்காது. ஆனால் அதன் சிறிய இலைகள் மேலே சொன்ன முறையில் வராது. உதிர்ந்த பூவையும் இரண்டு சிறு கொத்து இலையையும் காகிதம் ஸ்கேன் செய்யும் மேசை ஸ்கேனரில் கண்ணாடி மேல் வைத்து, கறுப்புத் துணியால் மூடி, 600 டி.பி.ஐ.-இல் ஸ்கேன் செய்யுங்கள். ஜெராக்ஸ் கடையில் கேட்டால் செய்து தருவார்கள். பிளெண்டரில் ஒரு தண்டு வரைந்து, இந்தப் படங்களை அட்டை போல அதில் செருகினால் செடி தயார். வாடும் முன் ஸ்கேன் செய்துவிடுங்கள்; இரண்டு மணி நேரத்தில் நிறம் மங்கும்.

தரையையும் மறக்க வேண்டாம். சரளை, செம்மண் இரண்டிலும் இரண்டுக்கு இரண்டு மீட்டர் பகுதியை மார்பு உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்து, வயலில் உழவு சால் போவதுபோல வரிசை வரிசையாக எடுத்தால் போதும்.

7. மாடலாக்கம்

படங்களை மெஷ்ரூமில் போட்டு ஓட விடுங்கள். முதலில் கேமரா இடங்களை மட்டும் கண்டுபிடிக்கும் படியோடு நிறுத்திப் பாருங்கள். சுற்றி எடுத்த 108 படங்களில் 100-க்குக் குறைவாகச் சேர்ந்திருந்தால் மேலே போக வேண்டாம். செடி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, மறுநாள் போய் எடுத்துவிடலாம். அரைகுறையாகச் சேர்ந்ததை ஒட்டுப்போடுவதில் இரண்டு இரவு போகும், முடிவும் நன்றாக இருக்காது.

காஸியன் ஸ்ப்ளாட் முறை (முக்கோணங்களுக்குப் பதில் மங்கலான வண்ணப் புள்ளிகளால் காட்சியை அமைப்பது) செடிக்கு இதைவிட அழகாக வருமே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் தனி ஹெட்செட்டில் அது பாரமாக இருக்கும். எடுத்த நேரத்து வெளிச்சமும் அப்படியே உறைந்துவிடும். திருப்பித்திருப்பி நட வழியில்லை. இந்த வேலைக்கு மெஷ்தான், அதாவது முக்கோணங்களால் ஆன மாடல்தான்.

8. சுத்தம், முள், எடைக்குறைப்பு

வரும் மாடலில் பத்து இருபது லட்சம் முக்கோணங்கள் இருக்கும். பிளெண்டரில் செய்தித்தாளையும் சுற்றுத் தரையையும் வெட்டி எறியுங்கள். வெட்டும் முன் அடிக்கோலை அளந்து சரியான அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இந்த இரண்டையும் மாற்றிச் செய்து, அளவு தெரியாமல் விழிப்பவர்கள் நிறைய. ஆளுயரக் கள்ளி முழங்கால் உயரத்தில் இருந்தால் நடப்பவருக்குத் தான் ராட்சதன் ஆனதுபோல இருக்கும்.

முட்கள் மாடலில் கரடுமுரடான கட்டிகளாக வரும், அல்லது வரவே வராது. இரண்டையும் சீவிவிடுங்கள். கண்ணுக்கு அருகில் வரும் செடியில் மட்டும், மெல்லிய கூம்புகளாக முள்ளைத் தனியாக நடலாம். சதுரக்கள்ளியில் முள் இரண்டிரண்டாக விளிம்பில் வரும், சப்பாத்தியில் புள்ளிப் புள்ளியாகக் கொத்தாக வரும். நீங்கள் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து நடுங்கள்.

அப்புறம் மாடலை 15,000 முக்கோணங்களுக்குக் குறைத்து, பழைய மாடலின் மேடு பள்ளங்களை நார்மல் மேப்பாக (மேடு பள்ளம் இருப்பதுபோல வெளிச்சத்தில் காட்டும் படமாக) பதியுங்கள். தூரத்தில் நிற்கும் செடிக்கு 1,500 போதும். ஒரே நேரத்தில் கண்முன் தெரிவது மொத்தம் ஐந்து லட்சத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். மாடலின் மையப்புள்ளியைத் தண்டின் அடியில் வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நடும்போது பாதிச் செடிகள் அந்தரத்தில் தொங்கும்.

9. நடுவது

படி 2-இல் வரைந்ததைக் கோடோவில் விரியுங்கள். பாதை ஒன்றரை மீட்டர் அகலம், மெதுவான வளைவுகள். தொடங்கும் இடத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறையை வையுங்கள். பின்பக்கம் திறந்தவெளியாக இருந்தால் ஹெட்செட் போட்டவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

முள் உள்ள எதையும் பாதையிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைக்காதீர்கள், முக்கியமாகக் கண் மட்டத்தில். பொய் முள் என்று தெரிந்தாலும் உடம்பு பின்வாங்கும். பாதை ஓரத்தில் ஆவாரையும் சோற்றுக்கற்றாழையும், பின்வரிசையில் கள்ளிகள். எட்டு மாடலையும் செங்குத்தாக நிற்கவைத்தபடியே வெவ்வேறு பக்கம் திருப்பி, அளவை 0.8 முதல் 1.2 மடங்கு வரை மாற்றினால் நூறு செடி போலத் தெரியும்.

வெற்றிடம் விடுங்கள். எட்டு மாடலும் அழகாக வந்த சந்தோஷத்தில் எல்லோரும் நெருக்கி நட்டுவிடுகிறார்கள். நம் அடிவாரத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே சரளையும் வெளியும்தான் அதிகம். கண் இளைப்பாறுவது அங்கேதான்.

பலமுறை வரும் செடியை மல்டிமெஷ் ஆக (ஒரே மாடலின் பல நகல்களை மொத்தமாக வரையும் கோடோ வசதி) போடும்போது, பாதை முழுவதற்கும் ஒன்றாகப் போடாமல் பத்துப் பத்து மீட்டருக்கு ஒன்றாகப் பிரியுங்கள். ஒன்றாக இருந்தால், அருகில் இருக்கும் ஒரு செடிக்காக மொத்தக் கூட்டமும் முழு விவரத்தோடு வரையப்படும். நிழலுக்கு, ஒவ்வொரு செடியின் அடியிலும் ஓரம் மங்கிய கருவட்டம் ஒன்று வையுங்கள். அது இல்லாவிட்டால் செடி தரையில் ஊன்றி நிற்காது. தூரத்தில், நீங்கள் நடந்த அதே காலையில் எடுத்த சேர்வராயன் மலைத்தொடரின் அகலப்படம். அதற்கு முன்னால் லேசான மூட்டம்.

10. ஒலி

ஐந்தே முக்கால் முதல் ஆறரைக்குள் பதிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு மலைச்சாலைப் பேருந்தின் ஹாரன் வந்துவிடும். மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை கட்டாயம்.

செம்போத்தின் அடித்தொண்டைக் குரலும் தொலைவில் கவுதாரியும் இருந்தால் போதும். ஆட்காட்டியை எடுத்துவிடுங்கள், அதன் கத்தல் எச்சரிக்கைக் குரல், நெஞ்சு துணுக்குறும். பதிவை மூன்று அடுக்காக, சமமில்லாத நீளத்தில் வையுங்கள்: 2 நிமிடம் 10 நொடி, 3 நிமிடம் 25 நொடி, 4 நிமிடம் 40 நொடி என்று. மூன்றும் ஒரே கணத்தில் திரும்பத் தொடங்காததால், அதே பறவை அதே நேரத்தில் மறுபடி கத்துகிறது என்று காது கண்டுபிடிக்காது.

“கால் வைக்கிற சத்தமே இல்லையே” என்று அத்தை சொன்ன பிறகுதான் சரளையில் நடக்கும் ஓசையைச் சேர்த்தேன். மிக மெதுவாக வையுங்கள். நின்றால் அதுவும் நிற்க வேண்டும்.

11. தலைசுற்றாமல் நடக்கவைப்பது

நொடிக்கு 72 படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) விடாமல் ஓட வேண்டும். இது குறைந்தால் தலை திரும்புவதற்கும் காட்சி திரும்புவதற்கும் இடைவெளி விழுந்து குமட்டும். அழகுக்காக எதைச் சேர்த்தாலும், சேர்த்த உடனே ஹெட்செட்டில் அளந்து பாருங்கள். கணினித் திரையில் நன்றாக ஓடுவதை நம்ப வேண்டாம்.

வேகம் சீராக இருக்கட்டும். படிப்படியாகக் கூட்டிக் குறைப்பதுதான் வயிற்றைக் கலக்கும். நடக்கும்போது காட்சி மேலும் கீழும் ஆடுவது, தானாகத் திரும்புவது, மேடேறுவது மூன்றும் வேண்டாம். திரும்பும் வேலையைச் சுழல்நாற்காலி பார்த்துக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவருக்கும் கண் மட்டம் நிற்பவர் உயரத்தில் இருக்கும்படி கூட்டிவையுங்கள்.

கள்ளிகள் அசைய வேண்டாம், நிஜத்திலும் அவை அசைவதில்லை. ஆவாரையின் நுனி மட்டும் ஓரிரு செ.மீ. ஆடினால் போதும், இடத்துக்கு உயிர் வந்துவிடும்.

12. உட்காரவைத்துப் பார்ப்பது

வலிப்பு நோய் அல்லது கடுமையான தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே போடட்டும். மற்றவர்களுக்கும் முதல் நாள் ஏழு நிமிடம்தான். சாப்பிட்ட உடனே வேண்டாம்.

போட்டிருப்பவரின் முகத்தைவிடக் கையைக் கவனியுங்கள். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தால் அந்த இடத்தில் ஏதோ சரியில்லை. நேரத்தைக் குறித்துக்கொண்டு, பாதையில் அது எந்த இடம் என்று பாருங்கள். முடிந்ததும் “நல்லா இருந்துச்சா?” என்று கேட்காதீர்கள். நமக்காக ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “எங்க நின்னீங்க? அங்க என்ன பார்த்தீங்க?” என்று கேளுங்கள். நான் ஐந்து இடத்தில் நிற்கவைக்க நினைத்திருந்தேன். அத்தை அதில் மூன்றை விட்டுவிட்டு, நான் கணக்கிலேயே வைக்காத ஒரு வளைவில், ஆவாரைக்குப் பக்கத்தில் வெறும் சரளைத் தரையைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் நின்றார். அந்த வளைவில் நடுவதற்காக எடுத்துவைத்திருந்த ஆனைக்கற்றாழையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். மூன்று பேரிடமாவது இப்படிக் கேட்ட பிறகுதான், எந்தச் செடி இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.